கை நிற்கும் தூரம்

எனக்குப் பத்து வயது நடந்தபோது என் தாய்மாமா எனக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். ஒருநாள் கூத்தல்ல. வகுப்பு உள்ள நாளெல்லாம், பலபேர் பார்க்க, சலவை மடிப்புக் கலையாத வெள்ளை உடையில் நின்று வைத்தார். இதைச் சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் நிலையத்தில் தனக்கு முன்னால் நிற்கும் காரைக்கூட முறைத்துக்கொண்டே இருக்கிற மனிதர் அவர்.

மாமா ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஆள் உயரம் அதிகமில்லை, குரல்தான் உயரம். சாலையில் யாராவது குறுக்கே நுழைந்தால் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் மூச்சே விடுவார். காற்பந்து பார்க்கப் போனாலும் சண்டை, கார் கழுவப் போனாலும் சண்டை. வீட்டுக்கு வந்ததும் அது கதையாக மாறிவிடும். கதையில் மாமா ஒரே ஒரு அடிதான் அடித்திருப்பார், எதிராளிகள் மட்டும் சொல்லச் சொல்லப் பெருகிக்கொண்டே போவார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். எனக்கு மாமா என்றால் உயிர்.

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்தே, "இவரு பெரிய கிராணி, எல்லாரையும் அதட்டிக்கிட்டுத் திரியறாரு," என்பார். கிராணி என்றால் ரப்பர் தோட்டத்துக் கணக்கர், ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர். தோட்டத்தை அழித்து எங்கள் தாமான் குடியிருப்பைக் கட்டி, வரிசை வரிசையாக வீடுகள் வந்து, ரப்பர் மரம் என்று காட்டுவதற்குச் சாக்கடை ஓரத்தில் நாலைந்து மட்டும் மிஞ்சியிருந்த காலம் அது. ஆனாலும் எங்கள் வீட்டில் யாரையாவது திட்டவேண்டும் என்றால் கிராணி எழுந்து வந்துவிடுவார்.

அந்த வருடம் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தைப்பிங்கில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்று நான் கேட்டதற்கு அம்மா, "அவங்க அண்ணிக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கப் போயிருக்கா," என்றார். எப்போது வருவார் என்று கேட்டேன். "அங்க ஒரே மழைலா. மழை நின்னதும் வந்துருவா." நானும் அதை நம்பி, பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் கைப்பேசியை எடுத்துத் தைப்பிங்கில் மழையா வெயிலா என்று பார்ப்பதை ஒரு கடமையாக வைத்துக்கொண்டேன். தைப்பிங்கைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் உள்ள சிக்கல் உடனே புரியும். அந்த ஊரில் மழை நிற்கிற வழக்கமே கிடையாது.

நடந்தது வேறு. மாமா அத்தையை அடித்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒரு பேச்சு, அது வளர்ந்து, மாமா கையை ஓங்கியிருக்கிறார். ஓங்கியதோடு நிறுத்தவில்லை. அது முதல் தடவையும் இல்லை. அத்தை அழுது ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. மறுநாள் காலையில், தான் வேலைபார்த்த கிளினிக்குக்குப் புறப்படுவதுபோல் உடுத்திக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மாமா தைப்பிங்குக்குப் போய்க் கூப்பிட்டபோது, பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "எனக்கு உங்க கையப் பாத்தா பயமா இருக்கு. பயந்துகிட்டே ஒரு வீட்ல இருக்க என்னால முடியாது," என்று மட்டும் சொன்னாராம். மாமா கேட்டைப் பிடித்து ஆட்டிவிட்டு வந்துசேர்ந்தார். இதெல்லாம் நான் வளர்ந்து பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. சொல்லும்போதும் அம்மா தன் தம்பி பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வழியாக எனக்கு எட்டியது, மாமாவுக்கும் அத்தைக்கும் சண்டை என்பது மட்டும்தான். சண்டைதானே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மழையை நிறுத்த முடியாது, சண்டையைத் தீர்த்துவிடலாம்.

நான் கராத்தே கற்றது எங்கள் தாமான் பாலாய் ராயாவில். கல்யாணம், பிறந்தநாள், கட்சிக் கூட்டம், யோகா என்று எல்லாவற்றுக்கும் பொதுவான மண்டபம் அது. சில நாள் முந்தைய இரவு விருந்தின் பிரியாணி வாசத்தில் நின்றுகொண்டு குத்துவிடுவோம். சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனப் பெண். வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. பகலில் ஈப்போவில் ஒரு வங்கியில் வேலை, மாலையில் எங்களுக்கு சென்செய், அதாவது ஆசிரியர். மலாயில்தான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் அப்போது பச்சைப் பெல்ட் கட்டியிருந்தேன், அடுத்த தேர்வில் நீலம். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு உலகத்திலேயே தங்களுக்குத்தான் கராத்தே தெரியும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான்.

அப்பா சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை வந்த ஒரு மாலையில் மாமா என்னை வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை. வீட்டில் யாருமில்லை, போய் என்ன செய்வது? பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, ஒரு கையில் தே ஓ ஐஸ் எனும் பாலில்லாத குளிர்தேநீர்ப் பொட்டலமும் மடியில் தமிழ்ப் பத்திரிகையுமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னலா இது? யாருமே யாரையும் தொட மாட்டேங்கறீங்க! மூக்குக்கிட்டப் போயி நிப்பாட்டிடறீங்க. இதுல எப்படி ஜெயிக்கிறது?"

சிரிப்போடு விட்டிருக்கலாம். சென்செய்யைப் பார்த்து, "அமோய், உண்மையா ஒரு குத்து காட்டட்டுமா?" என்று மலாயில் கேட்டார். அமோய் என்பது கடையில் நிற்கும் சீனப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல். சென்செய் கோபப்படவில்லை. வந்து, மாமா மடியில் கிடந்த பத்திரிகையிலிருந்து ஒரு தாளை உருவி, மேல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டார். எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகக் குத்துங்கள், ஆனால் தாள் அசையக்கூடாது என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். குத்தினார். தாள் இரண்டாகக் கிழிந்து பறந்தது. பிள்ளைகள் கைதட்டினோம். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியது நான்தான். மாமா திரும்பிப் பார்த்து எனக்குக் கண்ணடித்தார்.

"லாகி," என்றார் சென்செய். மறுபடியும் என்று அர்த்தம். அடுத்த தாளை எடுத்துப் பிடித்தார். அதுவும் கிழிந்தது. லாகி. விளையாட்டுச் செய்தி கிழிந்தது, சினிமாப் பக்கம் கிழிந்தது, கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் ஒரு பெரியவரின் படம் நடுவில் ஓட்டையானது. மாமா இப்போது நிறுத்தத்தான் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எடுத்து, பாதியில் இழுத்துப் பிடித்தும் பார்த்தார். மெதுவாகப் போனால் சென்செய் தலையை அசைத்தார், வேகமாகப் போனால் தாள் கிழிந்தது. கைதட்டல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

பிறகு சென்செய் என்னைக் கூப்பிட்டார். நான் நின்று குத்தினேன். சட்டைக் கை 'டப்' என்று சத்தம் போட்டது, தாள் சும்மா தொங்கியது. எனக்கு அது பெரிய வித்தையில்லை. ஆரம்பத்திலிருந்தே அதைத்தானே செய்கிறோம். சென்செய் மாமாவிடம் திரும்பி, "அந்தக் கை உங்களுடையதுதானே?" என்று கேட்டார். கேலியாக இல்லை. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்ட குடையைக் காட்டிக் கேட்பதுபோல் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு மோட்டார்சைக்கிள் சிக்னல் போடாமல் குறுக்கே வந்தது. நான் ஆவலோடு கார்க் கண்ணாடியைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. மாமாவுக்குக் காய்ச்சலோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்த வகுப்பில் அவர் வெள்ளை உடையில் வந்து நின்றார். கராத்தே வகுப்பில் பெல்ட் வரிசைப்படிதான் நிற்கவேண்டும். வயது, உத்தியோகம், சொந்தபந்தம் எதுவும் செல்லாது. ஆகவே மாமா கடைசியில், முன்பல் விழுந்த ஒரு பொடிப் பெண்ணுக்கு அந்தப் பக்கம் நின்றார். என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பெரட்டுக்கு நிக்கிற மாதிரில்ல நிக்கிறான்," என்றார். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேல் வகுப்பு மாணவர் ஒருவர் துணை. மாமாவுக்கு நான். மேல் வகுப்பினரை சென்பாய் என்று அழைக்கவேண்டும் என்று சென்செய் சொன்னதும் மாமாவுக்குப் பழைய குணம் எட்டிப்பார்த்தது. "பாய்னா பையன்லா. இவ பொண்ணு. சென்கேர்ள்னு கூப்புடலாமா?" வகுப்பு சிரித்தது. சென்செய்க்கு விளங்கவில்லை. விளங்கியபோது அவரும் சிரித்தார். சிரித்துமுடித்து, "சென்பாய்," என்றார். மாமா, "சென்பாய்," என்றார்.

வினை வந்தது அதற்கப்புறம்தான். ஜோடியான இருவரும் எதிரெதிரே நின்று தலை குனிந்து வணக்கம் சொல்லவேண்டும், இளையவர் இன்னும் கொஞ்சம் கீழே குனியவேண்டும். இங்கே இளையவர் என்றால் பெல்ட்டில் இளையவர். மாமா நன்றாகவே குனிந்தார். அவர் உச்சந்தலையில் முடி கொட்டி வட்டமாகத் தெரிந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பார்த்த மறுவிநாடியே எனக்குக் குலை நடுங்கிவிட்டது. பெரியவர்கள் சின்னவர்களைக் கும்பிட்டால் சின்னவர்களுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லுவார்கள். அதுவும் தாய்மாமன். எவ்வளவு ஆயுசு குறையும், ஒரு வருடமா இரண்டா, எனக்குத் தெரியாது. நீலப் பெல்ட் வாங்கும்வரை உயிரோடு இருப்பேனா? யோசிக்கவே இல்லை, தடாலென்று மாமாவின் காலில் விழுந்துவிட்டேன்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் காலில் விழுவதும் மாமா பணம் வைத்த அங்பாவ் உறையை எடுத்து நீட்டுவதும் வழக்கம். மாமாவின் கை பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தேடியது. கராத்தே உடையில் பை கிடையாது. நெஞ்சைத் தடவிக்கொண்டு அவர் நிற்க, நான் கீழே கிடக்க, சென்செய் இது எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, இங்கே குனிந்தால் போதும் என்றார். அதனால் என் ஆயுசை மீட்பதை வெளியே வைத்துக்கொண்டேன். காரில் ஏறும்முன் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்து அவர் பாதத்தை ஒரு தட்டுத் தட்டிவிடுவேன். "ஒனக்குத் தெனமும் எப்படிலா கயிறு அவுந்துபோவுது?" என்று கேட்பாரே தவிர, காலை நகர்த்தியதில்லை.

மாமா கெட்டிக்கார மாணவர் இல்லை. ஜப்பானிய மொழியில் எண்ணவேண்டும். இச்சி, நீ, சான், சீ, கோ. மாமா எண்ணினால் நீயும் சீயும் மட்டும் பெரிதாக விழும், யாரையோ திட்டுவது போலவே இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் சத்தத்தைக் குறைத்தார், குறைத்தால் சென்செய் கூட்டச் சொன்னார். பொடிப் பெண் அவருக்கு இடதெது வலதெது என்று காட்டிக்கொடுத்தாள். அவர் அவளிடம், "சரிங்க சென்பாய்," என்றார். வெயிலில் நின்ற லாரி ஓட்டுநரை ஹாரன் அடித்தே விரட்டிய மனிதர், பல் விழுந்த பிள்ளையிடம் சரிங்க என்றார். நான் அதைப் பள்ளியில் போய்க் கதையாகச் சொன்னேன்.

வீட்டில் மாமாவின் பயிற்சிக் கருவி எங்கள் நாட்காட்டி. கூடத்தில் தொங்கிய தினசரி நாட்காட்டி, நல்ல நேரம் ராகுகாலம் போட்டது. வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அதன்முன் நின்றுகொள்வார். தாள் அசையக்கூடாது என்பதுதான் நோக்கம், ஆனால் செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வெள்ளிக்கிழமை கையோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் மட்டும் அந்த மாதம் மற்ற வீடுகளைவிட வேகமாக ஓடியது. கார்த்திகை விரதத்தைத் தவறவிட்டதற்கு அம்மா மாமாவைத் திட்டித் தீர்த்தார். மாமா பேசாமல் கேட்டுக்கொண்டார். அவர் பேசாமல் கேட்டது அம்மாவுக்கு இன்னும் கலவரமாகிவிட்டது. திட்டுவதை நிறுத்திவிட்டுத் தேநீர் கலக்கப் போனார்.

"கை நிக்கணும் மாமா," என்று நான் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்வேன். "நீங்க அடிக்கணும்னு நெனைக்கிறீங்க, அதான் நிக்க மாட்டேங்குது."

"அப்புறம் என்னலா நெனைக்கிறது?"

அது எனக்கும் தெரியாது. சென்செய் சொன்னதைத்தான் ஒப்பித்தேன். மாமா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் நாட்காட்டியைப் பார்த்து நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகத் தாள்கள் அந்தந்த நாளில் கிழிய ஆரம்பித்தன. அம்மாதான் கிழித்தார்.

மஞ்சள் பெல்ட் தேர்வு நெருங்கியபோது என் மூளை வேலைசெய்தது. பள்ளியில் தோழியோடு சண்டையென்றால் ஒரு பென்சிலோ ஸ்டிக்கரோ கொண்டுபோய்க் கொடுப்போம், மறுநாள் சேர்ந்து சாப்பிடுவோம். மாமாவுக்குப் பெல்ட்தான் அந்தப் பென்சில். அத்தை வந்து பார்க்கவேண்டும், மாமா பெல்ட் வாங்கவேண்டும், இருவரும் ஒரே காரில் வீட்டுக்கு வரவேண்டும். அம்மா குளிக்கப் போன நேரத்தில் அவர் கைப்பேசியை எடுத்து அத்தைக்குக் குரல்செய்தி அனுப்பினேன். எனக்கு நீலப் பெல்ட் தேர்வு இருக்கிறது, கட்டாயம் வரவேண்டும் என்று. மாமாவைப் பற்றி மூச்சு விடவில்லை. அது என் ராஜதந்திரம். கடைசியில் மட்டும், "மாமாவும் இருப்பாங்க, ஆனா அவங்க வெறும் வெள்ளைதான்," என்று சேர்த்துவிட்டேன். அத்தையிடமிருந்து பதில் வந்தது: "வாரேன் பாப்பா."

மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன், கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். "வரட்டும்," என்றார். கொஞ்சம் கழித்து, "ஒனக்காகத்தான் வர்றா," என்றார். அன்று நாட்காட்டிப் பக்கம் போகவில்லை.

தேர்வு லகாட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. அத்தையை அவர் அண்ணன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருந்தார். அத்தை கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, தைப்பிங்கிலிருந்து வாங்கிவந்திருந்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்தார். முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் பிடித்துவைத்திருந்தேன். அத்தை அங்கே உட்காரவில்லை. கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே நல்ல காற்று வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தேர்வு நன்றாக முடிந்தது. அத்தை தூரத்திலிருந்து கைதட்டியது எனக்குக் கேட்டது. பிறகு வெள்ளைப் பெல்ட்காரர்கள் வந்தார்கள். மாமாவோடு ஜோடி சேர்த்தது உயர்நிலைப்பள்ளிப் பையன் ஒருவனை. பயிற்சி சாதாரணமானது. ஒருவர் முன்னால் வந்து முகத்துக்குக் குத்துவிடவேண்டும், தொடாமல் நிறுத்தவேண்டும். மற்றவர் அதைத் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தவேண்டும், அவரும் தொடாமல் நிறுத்தவேண்டும். பையனுக்குப் பதற்றம். மாமா கையைத் தூக்குவதற்குள் பாய்ந்துவிட்டான். குத்து நேராக மூக்கில் விழுந்தது.

ரத்தம் உதட்டுக்கு வழிந்து, அங்கிருந்து வெள்ளைச் சட்டையில் சொட்டியது. மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான், கார்க் கண்ணாடியை இறக்குகிற முகம். உண்மையைச் சொன்னால் எனக்கு உற்சாகமாக இருந்தது. மாமா யாரென்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அவர் கையை ஓங்கினார். அத்தை எவ்வளவு பெருமையாகப் பார்க்கிறார் என்று திரும்பினேன். அத்தையின் நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது மாமாவின் முஷ்டி பையனின் புருவத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒரு தாள் நுழையும் இடம் இருந்திருக்கும், அதற்குமேல் இல்லை. பையன் கண்ணை இறுக மூடியிருந்தான். மாமா அப்படியே நின்றார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நரம்பு புடைத்துக்கொண்டது, ஆனால் கை போகவில்லை. பிறகு அதை இறக்கி, ஓரடி பின்னால் வந்து, பையனுக்குத் தலை குனிந்தார். சொட்டிய ரத்தம் தரையில் விழுந்தது. "பயப்படாத தம்பி. தெரியாமப் பட்டுருச்சு, அவ்ளோதான்," என்றார். பையன்தான் அழுதான்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மாமா பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். தேர்வாளர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். மாமாவுக்கு மஞ்சள் பெல்ட் கிடைத்தது. அதை இடுப்பில் கட்டிவிட்ட சென்செய், மாமா குனிந்ததைவிடக் கீழே குனிந்ததாக அம்மா பிறகு சொன்னார். நான் அதைக் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் யார் எந்தக் காரில் ஏறப்போகிறார்கள் என்பதில் இருந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் மாமா மூக்கில் பஞ்சோடு நின்றிருந்தார். அத்தை அவரிடம் போனார். ஒரு கார் இடைவெளி விட்டு நின்றுகொண்டார். நான் பள்ளி வேனுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல. விட்டுருச்சு."

அத்தை கொஞ்ச நேரம் மஞ்சள் பெல்ட்டைப் பார்த்தார். "கை நின்னுச்சு. கதவுக்கிட்டேருந்து பாத்தேன்."

மாமா தலையை மட்டும் அசைத்தார்.

"ஆனா நீங்க கையத் தூக்குனப்ப நானா எழுந்து போகலைங்க. என் காலு தானாப் போயிருச்சு. நெனைக்கிறதுக்குள்ள வெளிய நிக்கிறேன். ஒங்க கை நின்னுருச்சு. என் காலு இன்னும் நிக்கலையே. நான் என்ன பண்றது?"

இந்த இடத்தில் மாமா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சத்தம் போடுவார், அல்லது கெஞ்சுவார். இதோ பார் பெல்ட் என்று காட்டவாவது செய்வார். அவர், "சரி," என்றார். "மழைக்கு முன்ன ஊரு போய்ச் சேந்துருங்க," என்றார். அத்தையை அவர் வாங்க போங்க என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தையும் கேட்டிருக்க மாட்டார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு அண்ணன் காரில் ஏறித் தைப்பிங்குக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். ஏமாற்றிவிட்டார்கள். பெல்ட் வாங்கியாகிவிட்டது, அதற்குமேல் என்ன செய்யவேண்டுமாம்? பிஸ்கட் டின்னைத் திறக்கமாட்டேன் என்று சபதம் போட்டேன். அது ஜெலாப்பாங் வருவதற்குள் உடைந்தது வேறு விஷயம். அம்மா ஓட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த மாமா, அழுகைக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் எனக்குக் கைக்குட்டையை நீட்டினார்.

அடுத்த வகுப்புக்கு மாமா வரமாட்டார் என்று நிச்சயமாக இருந்தேன். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. மண்டபத்தில் அவரும் சென்செய்யும்தான் இருந்தார்கள். ரத்தக் கறை போகாமல் பழுப்பாக நின்றுவிட்ட அதே சட்டை. இப்போது மஞ்சள் பெல்ட் என்பதால் பொடிப் பெண்ணைத் தாண்டி ஓரிடம் முன்னால் நிற்கலாம், அவர் பழைய இடத்திலேயே நின்று தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். நீயையும் சீயையும் யாரும் சிரிக்காதபடி மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. பக்கத்தில் போய், சென்செய் காதில் விழாமல் கேட்டேன்.

"அத்தைதான் வரலையே மாமா. பெல்ட்டும் வாங்கியாச்சு. இன்னும் எதுக்கு வர்றீங்க?"

மாமா கையை இறக்காமல் என்னைப் பார்த்தார்.

"காலு இன்னும் நிக்கலையே பாப்பா," என்றார்.

யாருடைய கால் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் சென்பாய், பிழை திருத்துவது என் வேலை. குனிந்து அவர் கால்களை உன்னிப்பாகப் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் நன்றாகத்தான் பதிந்திருந்தன. "சரியாத்தான் நிக்குது மாமா," என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, வரிசையில் என் இடத்துக்குப் போனேன்.